காலையில் போய் மாலையில் திரும்புவது: புதுச்சேரியைச் சுற்றிய பழைய ஊர்களும் பேருந்துக் கணக்கும்

புதுச்சேரியில் தங்கியிருக்கும் ஒருவர், சொந்த வண்டி இல்லாமல், காலையில் கிளம்பி அக்கம்பக்கத்துப் பழைய ஊர் ஒன்றைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட முடியுமா? எந்த ஊரை அப்படிப் பார்க்கலாம், எதை வெறுமனே எட்டிப் பார்க்கத்தான் முடியும்? சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் ஒரு விடை வரும், பேருந்து நிலைய டைம்கீப்பரிடம் கேட்டால் வேறொன்று வரும். கேள்வி எளிமையானது. ஆனால் சுமார் நூற்றைம்பது ஆண்டுகளாக இதற்குப் பல தரப்பார் பல விடைகளைச் சொல்லிவருகிறார்கள். ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் அந்தக் காலத்தின் போக்குவரத்து நின்றுகொண்டிருக்கிறது. அந்த விடைகளை வரிசைப்படுத்தி, எது இன்றைக்கும் செல்லுபடியாகும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரயில் வழிகாட்டிகள் சொன்ன விடை

ஒருநாள் உல்லாசப் பயணத்தின் தொடக்கத்தை 1841 ஜூலை 5-இல் வைப்பது வழக்கம். அன்று தாமஸ் குக் இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்கு அன்பர்களை ரயிலில் அழைத்துப் போனார். மதுவிலக்குக்காகப் பிறந்த ஏற்பாட்டை இன்று பாண்டிக்கு வரும் வார இறுதிக் கூட்டத்தோடு சேர்த்து நினைத்தால் சிரிப்பு வரும். இருந்தாலும் அதன் அடிப்படை மாறவில்லை: போகும் வண்டியும் திரும்பும் வண்டியும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு அந்த வசதி 1879 டிசம்பரில் வந்தது. விழுப்புரத்திலிருந்து வந்த மீட்டர் கேஜ் பாதை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியைத் தென்னிந்திய ரயில்வேயோடு இணைத்தது. அதன்பின் தென்னிந்திய ரயில்வே தன் வழித்தடங்களுக்குப் படங்களோடு வழிகாட்டி நூல்களை வெளியிட்டது. அவை ஊர்களை நிலைய வரிசையில் எடுத்துக்கொண்டன. எந்த நிலையத்தில் இறங்குவது, அங்கே சத்திரம் உண்டா, ஜட்கா கிடைக்குமா, கோயில் எவ்வளவு தூரம், திருவிழா எப்போது என்பவை முதலில் வரும், சரித்திரம் அதற்குப் பிறகுதான். பயணிக்கு முதலில் தேவைப்படுவது எது என்பதை அந்த நூல்களைத் தொகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

தமிழில் இந்த மரபின் சாயலைத் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானின் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ தொகுதிகளில் காணலாம். வருவாய்த் துறை அதிகாரியாக இருந்த அவர், கோயிலின் கதையையும் சிற்பத்தையும் சொல்வதோடு போய்ச் சேரும் வழியையும் வாசகருக்குச் சொல்லிவிடுவார். ஏ.கே. செட்டியார் பழைய பயணக் கட்டுரைகளைத் திரட்டி 1968-இல் வெளியிட்ட ‘தமிழ்நாடு’ தொகுப்பைப் புரட்டினாலும், வண்டி நேரமும் சாப்பாட்டுக் கவலையும் அந்தக் காலத்துப் பயண எழுத்தின் உடன்பிறப்புகள் என்பது தெரியும்.

இந்த விடையின் பலவீனம் தண்டவாளத்தில் இருக்கிறது. வண்டி நிற்கும் ஊர்தான் பார்க்கத் தகுந்த ஊர் என்று ஆகிவிடும். மேலும் தண்டவாளம் நிரந்தரமும் அல்ல. டேனியர் கோட்டை உள்ள தரங்கம்பாடிக்கு மாயவரத்திலிருந்து 1926-இல் வந்த பாதை 1986-இல் மூடப்பட்டது. பேரளம்–காரைக்கால் பாதை எண்பதுகளில் நின்றுபோய், அண்மையில்தான் அகலப்பாதையாக மீண்டும் போடப்பட்டது. புதுச்சேரியிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் கடலூருக்கு இன்றுவரை நேர் ரயில் பாதை கிடையாது. ரயிலில்தான் போவேன் என்பவர் மேற்கே விழுப்புரம் போய், மறுபடி கிழக்கே கடலூருக்கு வர வேண்டும். ஐந்து திசைக்குப் பாதை பிரியும் விழுப்புரம் சந்திப்பு, திருவண்ணாமலைக்கும் சிதம்பரத்துக்கும் வாசலாக இருக்கிறது. ஆனால் ஒருநாள் பயணிக்கு இணைப்பு வண்டிக்காகக் காத்திருக்கும் நேரம் பெரிய செலவு.

ஒரே நாளில் எத்தனை ஊர்?

இரண்டாவது விடை, பேருந்து பெருகிய பிறகு வந்த தொகுப்புச் சுற்றுலா. ஒரு ஊருக்குப் போவதற்குப் பதில் பல ஊர்களை ஒரு மாலையாகக் கோப்பது இதன் வழி. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் காஞ்சிபுரம்–மாமல்லபுரம் ஒருநாள் சுற்று இதன் நெடுநாள் உதாரணம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய நவக்கிரகச் சிறப்புப் பேருந்து அண்மை உதாரணம். ஒன்பது தலம், ஒரே நாள், கட்டணம் 750 ரூபாய் என்று அது அறிமுகமானது.

இந்த ஏற்பாட்டைச் சரித்திர ஆர்வலர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. “இருபது நிமிஷம், எல்லாரும் வண்டிக்கு வந்துடுங்க” என்ற குரலுக்கு நடுவே எதைப் பார்ப்பது என்பது அவர்கள் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் காஞ்சி–மாமல்லபுரம் சுற்றை வகுத்தவர்களின் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். காலையில் காஞ்சியின் கோயில்கள், நடை சாத்தியதும் சாப்பாடு, பிறகு கதவே இல்லாத மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்கள் என்று அந்த வரிசை அமையும்போது, நம் பகுதியின் மிகப் பெரிய நேரச் சிக்கல் சத்தமில்லாமல் தீர்ந்துவிடுகிறது. தனியே திட்டமிடுபவர் பலரும் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான். முதியவர்களுக்கும் முதல்முறை வருபவர்களுக்கும் தொகுப்புப் பேருந்துதான் இன்றும் நடைமுறைக்கு உகந்தது என்று வாதிடுவோரை எளிதில் மறுத்துவிட முடியாது.

நடுவில் தங்கிச் சுற்றுவது

மூன்றாவது விடை வெளிநாட்டு வழிகாட்டிகளாலும் தங்கும் விடுதிக்காரர்களாலும் பரவியது: வசதியான ஊர் ஒன்றில் அறை எடுத்து, நாளுக்கு ஒரு திசையாகப் போய்வருவது. பாண்டி இதற்குத் தோதான ஊர். கடற்கரை உண்டு, நல்ல சாப்பாடு உண்டு, தமிழ்நாட்டுப் பேருந்துகளும் புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் ஒரே நிலையத்துக்கு வந்து போகின்றன. சுற்றிலும் கடலூர், சிதம்பரம் (சுமார் 65 கி.மீ.), செஞ்சி (சுமார் 70), மாமல்லபுரம் (சுமார் 95), திருவண்ணாமலை (நூற்றுக்குச் சற்று மேல்), தரங்கம்பாடி (சுமார் 115) என்று ஊர்கள் வட்டமிட்டுக் கிடக்கின்றன.

இந்த விடையை ஏற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போடுவது. கிலோமீட்டர் இங்கே பெரிதாக உதவாது. திருவக்கரை கல்மரப் பூங்கா முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த வழியில் பேருந்து அரிது, ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆலம்பரைக் கோட்டை சுமார் 50 கி.மீ. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட அந்த இடம், புதுச்சேரிச் சரித்திரத்தின் நேரடிப் பகுதி. விரைவுப் பேருந்துகள் எல்லாம் கோட்டைக்கு இறங்க வேண்டிய கடப்பாக்கத்தில் நிற்பதில்லை, இறங்கினாலும் கோட்டைக்கு உள்ளே தள்ளிப் போக வேண்டும். இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள மாமல்லபுரமோ பேருந்துப் பயணிக்கு எளிது. தூரத்தை அளப்பதைவிட அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று கேட்பதே நல்ல அளவுகோல். அடிக்கடி வண்டி வரும் 95 கிலோமீட்டர், எப்போதாவது வரும் 25 கிலோமீட்டரைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

இதில் ஒரு நிர்வாகச் சிக்கலும் கலந்திருக்கிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாகூரும் வில்லியனூரும் மண்ணாடிப்பட்டும் தமிழ்நாட்டு நிலத்தோடு பின்னிக்கிடக்கின்றன. 1954-க்கு முன் இந்த எல்லைகளில் சுங்கச் சோதனை நடந்தது. இன்று சோதனை இல்லை. ஆனால் இரண்டு அரசுகள், இரண்டு போக்குவரத்துக் கழகங்கள், சலுகைகளிலும் இரண்டு கணக்கு. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கடலூரில் இறங்கித் தேவனாம்பட்டினம் போகும் பெண்ணுக்கு அது உதவும். பாண்டியிலிருந்து கடலூர் வந்த புறநகர் வண்டிக்கு உதவாது.

நடை சாத்தும் நேரம்

மேற்சொன்ன விடைகளில் பலவும் மேலோட்டமாகக் கடந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது அதுதான்.

தமிழ்நாட்டுப் பெரிய கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, மாலை நான்கு அல்லது ஐந்துக்குத் திறக்கும். ஐரோப்பியப் பழைய ஊருக்கு எழுதப்பட்ட ஒருநாள் திட்டம், காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்து மாலை ஐந்துக்குக் கிளம்புவது. அதே திட்டத்தைச் சிதம்பரத்துக்கு வைத்தால் நடராசர் கோயிலுக்கு இரண்டு மணி நேரமும், பூட்டிய கதவுக்கு வெளியே ஐந்து மணி நேரமும் கிடைக்கும்.

கணக்கை மாற்றிப் போடலாம். காலை ஆறு மணிக்குள் பாண்டியில் வண்டி ஏறினால் எட்டு, எட்டரைக்குச் சிதம்பரம். பேருந்து நிலையத்திலிருந்து கோயில் நடக்கும் தூரம். கோபுர வாயில்களின் உட்சுவரில் வரிசையாக இருக்கும் கரணச் சிற்பங்களைக் கழுத்து வலிக்கப் பார்க்க ஒரு மணி நேரம், சிற்றம்பலம், அருகிலேயே கோவிந்தராசர் சந்நிதி, ஆயிரங்கால் மண்டபத்தின் வெளித்தோற்றம் என்று பன்னிரண்டு மணி வந்துவிடும். சாப்பிட்டுவிட்டு அங்கேயே காத்துக்கிடக்காமல் வடக்கே திரும்பும் வண்டியில் ஏறிக் கடலூரில் இறங்கினால், தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கலாம். 1690-இல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கி, 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் இழந்த கோட்டை அது. நடை திறக்கும் நேரத்துக்குத் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் வாசலில் இருக்கலாம். அங்கிருந்து பாண்டிக்கு வண்டி அடிக்கடி உண்டு, இருட்டினாலும் பயமில்லை. மூடிய நான்கு மணி நேரத்தைப் பயணத்துக்கும் கோட்டைக்கும் செலவழிப்பதுதான் இந்தத் திட்டத்தின் முழு ரகசியம்.

செஞ்சிக்கு இதே விதி தலைகீழாகப் பொருந்தும். கோட்டை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, நண்பகலில் மூடுவதில்லை. ஆனால் கோட்டையின் இராசகிரிக் குன்று உச்சிக்கு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், பிற்பகலில் ஏறவிடுவதையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே இங்கே எதிரி வெயில். சித்திரை, வைகாசியில் பதினோரு மணிக்கு அந்தப் படிகளில் கால் வைப்பவரைப் பேருந்து அட்டவணை எதுவும் காப்பாற்றாது. திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் வண்டி கோட்டை மலைகளுக்கு நடுவிலேதான் போகிறது. செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதற்குமுன், கோட்டைக்கு அருகில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை, 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அடிவாரத்து வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டதாகவும், இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சித் தூண்களே என்றும் சொல்வதுண்டு. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் செஞ்சிக்குக் கூட்டம் கூடும் என்று எதிர்பார்க்கலாம். பேருந்து கூடுமா என்பது வேறு கேள்வி.

வார விடுமுறையும் இதே கணக்கில் சேரும். தமிழக அரசு அருங்காட்சியகங்கள் பொதுவாக வெள்ளியன்று மூடியிருக்கும், புதுச்சேரி அருங்காட்சியகம் திங்களன்று.

புறவழிச் சாலை எடுத்துக்கொண்ட ஊர்

சாலை அகலமானால் ஒருநாள் பயணம் எளிதாகும் என்பது பொதுவான நம்பிக்கை. ஓரளவு உண்மையும்கூட. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலையின் நான்குவழிப் பணி பயண நேரத்தைக் குறைக்கிறது. ஆனால் வேகம் ஊரைச் சுற்றிக்கொண்டு போவதால் வருகிறது. சென்னை–பாண்டி வண்டிகள் மாமல்லபுரத்துக்குள் நுழையாமல் புறவழியிலேயே இறக்கிவிட்டுப் போவது பழகிப்போன காட்சி. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ கேட்கும் தொகை, முன்பு வந்த தொண்ணூறு கிலோமீட்டரின் கட்டணத்தோடு போட்டி போடும்.

இந்த விஷயத்தில் தரங்கம்பாடி ஒரு விதிவிலக்கு. காரைக்கால் போகும் வண்டியிலிருந்து இறங்கி, 1792-இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. 1701-ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயம், மதபோதகர் சீகன்பால்கு காலத்தில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், கடைசியில் கடலை ஒட்டி 1620-இல் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை எல்லாம் ஒரே தெருவில் நடக்கும் தூரத்தில். ஊருக்குள் வண்டியே வேண்டாம். பாண்டியிலிருந்து வர மூன்றரை மணி, திரும்ப மூன்றரை மணி என்பதுதான் குறை. காரைக்காலில் ஓர் இரவு தங்கினால் அந்தக் குறையும் இல்லை.

பாண்டியே இலக்கானால்

எதிர்த் திசையில் கேட்டால், சென்னையிலிருந்து ஒரே நாளில் புதுச்சேரி. சுமார் 150 கி.மீ. காலையில் எழும்பூரிலிருந்து வந்து மாலையில் திரும்பும் பாசஞ்சர் ரயில் மெதுவானது, ஆனால் அதன் நிலையம் கடற்கரைக்குப் பேருந்து நிலையத்தைவிட அருகில் இருக்கிறது. பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. 1761-இல் தரைமட்டமாகி மறுபடி எழுந்த இந்த ஊரின் நேர்த் தெருக்கள் நடப்பதற்காகவே அமைந்தவை. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் திண்ணையும் தூணும் வைத்த தெருவீடுகளைத் தவறவிட்டு, வெள்ளையர் நகரின் மஞ்சள் சுவர்முன் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர்தான் அதிகம். நகரப் பேருந்தில் அரியாங்குப்பம் இறங்கி அரிக்கமேட்டுக்குப் போகலாம். தொல்லியலாளர் வீலர் 1945-இல் அகழ்ந்த இடம். தரைக்குமேல் காண அதிகம் இல்லை என்று சொல்லிவிடுவதே நேர்மை. அங்கே கிடைத்தவற்றைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

தங்குங்கள் என்போர்

மரபுக் கட்டடப் பாதுகாவலர்களிலும் சுற்றுலாத் துறையினரிலும் ஒரு சாரார் ஒருநாள் பயணமே கூடாது என்பார்கள். வந்து கூட்டம் சேர்த்துக் குப்பை போட்டுப் போகிறவர் ஊருக்கு எதையும் விட்டுச் செல்வதில்லை என்பது அவர்கள் வாதம். வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் முதல், தேர்ந்தெடுத்த நாட்களில், தங்காமல் திரும்புபவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கியோட்டோவில் பேருந்துக்கான ஒருநாள் பாஸ் விற்பனை 2023-இல் நின்றது. சுற்றுலாப் பயணிகளால் உள்ளூர்க்காரர்களுக்கு வண்டியில் இடமில்லாமல் போனதே காரணம்.

இந்த வாதத்தை நம் ஊர்களுக்கு அப்படியே கொண்டுவருவது அவசரம் என்றே தோன்றுகிறது. செஞ்சிக்கும் தரங்கம்பாடிக்கும் இருப்பது கூட்டத் தொல்லை அல்ல. வழியில் டீ குடித்து, சாப்பிட்டு, இரண்டு முறை டிக்கெட் எடுக்கும் பயணி, ஆளில்லாத வழித்தடத்துக்கு ஆதரவாகக்கூட இருக்கலாம். வார இறுதியில் கார்களால் திணறும் புதுச்சேரிக்கு மட்டும் எதிர் வாதம் பொருந்தும். அங்கேயும் குற்றவாளி பேருந்தில் வருபவர் அல்ல.

தீராதவை

ஒருநாள் பயணியால் சிறிய ஊருக்கு எவ்வளவு வருமானம் என்பதற்கு இந்தப் பகுதியில் திடமான கணக்கு வேண்டியிருக்கிறது. இரு போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து ஒரே நாள் பாஸ் விட்டால் பயணிகள் கூடுவார்களா, இருக்கும் வருமானம் கசியுமா என்பதும் செய்து பார்த்தால்தான் தெரியும். தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறியபின் சென்னைவாசியின் ஒருநாள் வட்டம் எவ்வளவு சுருங்கியது என்பதும் ஆராயத் தக்கது.

ஒன்றை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இங்கே ஒருநாள் பயணத்தைத் திரும்பும் வண்டியிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும், நடை சாத்தும் நேரத்தை நடுவில் வைத்துப் பிரிக்க வேண்டும். அதற்குத் தேவையான தகவல் இன்றும் பெரும்பாலும் டைம்கீப்பரின் நோட்டிலும் டீக்கடைக்காரரின் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. செஞ்சி, தரங்கம்பாடி, கடப்பாக்கம் நிறுத்தங்களில் புதுச்சேரிக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை ஒரு தகரப் பலகையில் எழுதி மாட்ட அதிகச் செலவு ஆகாது. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டமும் புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகமும் அதை முதலில் செய்ய வேண்டும்.